முப்பத்தேழாம் பிளாக்கின் லிஃப்ட்

ஜூலை 1, திங்கள்

இந்த நோட்டு பயிற்சியில் கொடுத்தது. அட்டையில் ஒரு சூரியன் சிரிக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'இன்று நான் உணர்ந்தது' என்று அச்சடித்துக் கோடு போட்டிருக்கிறார்கள். ஆசிரியர் முதலில் தன் உணர்வைக் கவனித்தால்தான் பிள்ளைகளின் உணர்வைக் கவனிக்க முடியுமாம். மாதக் கடைசியில் வாங்கிப் பார்ப்பார்களாம்.

இன்று நான் உணர்ந்தது: பசி. சாப்பாடு இரண்டரை மணிக்குத்தான் வந்தது.

பிள்ளைகளுக்குக் கோபம், பயம், அழுகை வரும்போது உடலை அசைக்கவைத்து, எதையாவது கற்பனை செய்யச் சொல்லி, அமைதிப்படுத்த வேண்டும். அதற்குப் பன்னிரண்டு விளையாட்டுகள், ஒரு வழவழப்பான கையேடு. "கண்ணை மூடுங்கள். நீங்கள் ஒரு பனிமனிதன். மெல்ல மெல்ல உருகுகிறீர்கள்" என்றார் பயிற்சி கொடுத்த அம்மா. ஏசி வைத்திருந்த குளிரில் அறுபது ஆசிரியர்களும் ஏற்கனவே பனிமனிதர்களாகத்தான் இருந்தோம். ஒருவரும் உருகவில்லை.

என்னை ஏன் அனுப்பினார்கள் என்று தலைமை ஆசிரியை சுலோச்சனா டீச்சரிடம் கேட்டேன். "அசைவுன்னு போட்டிருக்கு குணசீலன். அசையறதுன்னா பி.டி. சார்தானே?" என்றார். போன மாதம் பள்ளிக்குத் தண்ணீர் லாரி வராததற்குக் கேட் வாசலில் நின்று அரை மணி நேரம் கத்தியவன் நான். இந்தப் பள்ளியிலேயே அதிகம் கத்துகிறவனிடம் அமைதி வகுப்பு.

ஜூலை 3, புதன்

ஐந்தாம் வகுப்பு பி பிரிவு. நாற்பத்தோரு பிள்ளைகள். வகுப்பறையில் கையை நீட்டினால் அடுத்தவன் கண்ணில் குத்தும், அதனால் மைதானத்துக்கு ஓட்டிவந்தேன்.

மைதானம் என்றால், சுற்றி நான்கு பக்கமும் எட்டு மாடிக் கட்டடங்கள் நிற்க, நடுவில் மிச்சமான மண். ஆற்றோரம் குடிசை போட்டிருந்தவர்களை மூன்று வருடத்துக்கு முன் லாரியில் ஏற்றி இங்கே இறக்கினார்கள். வீடு உண்டு. வேலை, கடை, ஆஸ்பத்திரி எல்லாம் பழைய இடத்திலேயே. பெண்கள் விடிவதற்குள் முதல் பஸ் பிடித்து நகரத்துக்குப் பாத்திரம் தேய்க்கப் போகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளிடம் போய் நான் பனிமனிதன் என்று சொல்ல வேண்டும். வெட்கமாக இருந்தது. ஐஸ் கட்டி என்று மாற்றிக்கொண்டேன்.

"எல்லாரும் ஐஸ் கட்டி. இப்ப மெதுவா உருகணும்."

"எந்த ஐஸு சார்?" இது கிஷோர். எதற்கும் முதலில் வாய் திறப்பவன்.

"ஐஸ்ல எந்த ஐஸுடா?"

"மீன் ஐஸா, ஜூஸ்கட ஐஸா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"இல்ல சார். மீன் ஐஸு உருகுனா நாறும்."

அவ்வளவுதான். பாதி வகுப்பு மீன் ஐஸ், பாதி ஜூஸ் ஐஸ். மீன் ஐஸ்காரர்கள் உருகி உருகி ஜூஸ் ஐஸ்காரர்கள் மேல் விழுந்தார்கள். ஒருத்தி வஞ்சிரம் ஆனாள். இன்னொருத்தி அவளைத் தூக்கிப் பார்த்து, "செவுளு வெளுத்துப் போச்சு, வேணாம்" என்று கீழே போட்டாள். கால் மணி நேரத்தில் ஒரு மீன் மார்க்கெட் நடந்துகொண்டிருந்தது. விசில் ஊதினேன். அப்போதுதான் எல்லோரும் ஐஸ் மாதிரி நின்றார்கள்.

ஜூலை 4, வியாழன்

"உருகினீங்களா சார்?" என்று கேட்டார் கணக்கு ஷர்மிளா டீச்சர். குனிந்து சாப்பிட்டேன். அவர் கொண்டுவந்த எலுமிச்சை சாதம் பரவாயில்லை.

ஜூலை 9, செவ்வாய்

யுவஸ்ரீ கிஷோரைக் கடித்துவிட்டாள். முழங்கைக்குக் கீழே. மேல் வரிசையில் ஆறு பல், கீழே ஐந்து. எண்ணியது கிஷோரே.

யுவஸ்ரீ வரிசையில் கடைசியில் நிற்கும் பெண். உயரம். ஒரு சடையில் சிவப்பு ரிப்பன், இன்னொன்றில் நீலம். இந்த வருடத்தில் இது மூன்றாவது சண்டை. முதலில் ஒரு பெண்ணின் தலைமுடி, அப்புறம் ஒரு பையனின் தண்ணீர் பாட்டில், இப்போது கை.

கிஷோரின் அம்மா செல்வராணி பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர். அவர் வந்தார். அவர் வருவதற்கு முன்பே அவருடைய குரல் வந்தது.

"இது பள்ளிக்கூடமா, வேற எதுனாவா டீச்சர்? ஒண்ணு அந்தப் பொண்ணோட அப்பா, அம்மா இங்க வந்து எல்லார் எதிர்லயும் இனிமே நடக்காதுன்னு எழுதிக் குடுக்கட்டும். இல்லன்னா வேற ஸ்கூலு பாத்துக்கட்டும்."

சட்டப்படி ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை யாரும் வெளியேற்ற முடியாது. ஆனால், 'வேற ஸ்கூல்ல சேர்த்தா பிள்ளைக்கு நல்லதும்மா' என்று அன்பாகச் சொல்ல முடியும். அந்த அன்புக்கு எதிராகச் சட்டம் இல்லை. வேறு பள்ளி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். அங்கே மாற்றப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்று யாரும் கணக்கு வைத்ததில்லை.

சுலோச்சனா டீச்சர் 26ஆம் தேதி வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்தார்.

"அம்மா வருவாங்களா?" என்று யுவஸ்ரீயிடம் கேட்டேன்.

"மூணு வூட்டு வேல சார். லீவு போட்டா வேற ஆள வச்சிருவாங்க."

"அப்பா?"

"ஊர்ல இல்ல."

"எந்த ஊருக்குப் போயிருக்காரு?"

அவள் ரிப்பனை இழுத்து இறுக்கினாள். கிஷோர் எதையோ சொல்ல வாயைத் திறந்து, தன் கையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

ஜூலை 10, புதன்

கையேட்டை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். மைதானத்தில் நிற்கவைத்துக் கேட்டேன்.

"கோவம் வந்தா உடம்புல என்ன ஆவுது?"

"காது சுடும் சார்."

"பல்லு நறநறங்கும் சார்." எல்லோரும் யுவஸ்ரீயைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"மேல ஏறும் சார்" என்றான் கிஷோர்.

"எவ்ளோ மேல?"

"எட்டாவது மாடி வரைக்கும்."

"அப்பறம் எப்படிடா இறங்கும்?"

"லிஃப்ட்ல!"

ஒரு நிமிடம் முழுக்கச் சிரிப்பு. இங்கே எந்த பிளாக்கிலும் லிஃப்ட் ஓடிய நாட்களைவிட நின்ற நாட்கள்தான் அதிகம். முப்பத்தேழாம் பிளாக்கில் ஏழு மாதமாக நிற்கிறது. ஆறு மாடி ஏறி, எட்டு மாடி ஏறி, குடத்தோடு ஏறிப் பழகிய பிள்ளைகளுக்கு லிஃப்ட் என்ற சொல்லே நகைச்சுவை.

"சரி. நம்ம லிஃப்ட் ஓடும்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கற்பனை எனக்குப் பிடிக்காது.

விளையாட்டு இதுதான். குதிகாலைத் தூக்கி, கைகளை உயர்த்தி நின்றால் எட்டாவது மாடி. காற்றில் பொத்தானை அழுத்த வேண்டும். மூச்சை விட்டுக்கொண்டே கொஞ்சம் இறங்கினால் ஏழு. கதவு திறக்கும், அங்கே என்ன தெரிகிறது என்று ஒருவர் சொல்ல வேண்டும். மறுபடி மூச்சு, ஆறு. இப்படியே முழங்கால் மடங்கி, குந்தி, கடைசியில் தரையில் சப்பணம் போட்டால் கீழ்த்தளம்.

ஏழாவது மாடியில் கருவாடு வறுத்தார்கள். ஆறில் ஒரு அம்மா சீரியல் பார்த்து அழுதுகொண்டிருந்தார். நாலில் ஒரு நாய் லிஃப்டுக்குள் ஏறிவிட்டது, மூன்றில் அதை இறக்கிவிட்டோம். தரைக்கு வந்தபோது நாற்பது பேரும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

நாற்பதுதான். யுவஸ்ரீ உட்காரவில்லை. குதிகால் தூக்கியபடி, கை தூக்கியபடி, கடைசி வரிசையில் எட்டாவது மாடியிலேயே நின்றிருந்தாள்.

"இறங்கும்மா."

"லிஃப்டு எட்டுக்கு வராது சார்."

இன்று நான் உணர்ந்தது: இந்தப் பெண்ணுக்குத் திமிர்.

ஜூலை 11, வியாழன்

புதிய சிக்கல். அவரவர் வீடு இருக்கும் மாடியில் அவரவர் இறங்கிவிடுகிறார்கள். கிஷோர் ஐந்தில் இறங்கி, "சாப்ட்டு வரேன் சார்" என்று கை காட்டினான். கீழ்த்தளத்துக்காரர்கள்தான் கடைசிவரை வந்த நல்ல பிள்ளைகள். லிஃப்ட் யார் வீட்டிலும் நிற்காது, கீழ்த்தளம்தான் என்று சட்டம் போட்டேன்.

யுவஸ்ரீ இன்றும் நின்றாள். கை வலித்திருக்கும். இறக்கவில்லை.

ஜூலை 15, திங்கள்

ஷர்மிளா டீச்சரிடம் சொன்னேன், இது பித்தலாட்டம் என்று. ஏழு மாதமாக லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் இருக்கும் பிள்ளைக்கு லிஃப்ட் ஓடுவதாகக் கற்பனை செய்யக் கற்றுக்கொடுக்கிறேன். கோபப்பட வேண்டிய பிள்ளைகளைச் சாந்தமாக்கி அனுப்பினால் யாருக்கு லாபம்? லிஃப்டைச் சரி செய்யாதவனுக்கு.

"நீங்க தண்ணி லாரிக்காகக் கத்தினீங்களே, லாரி வந்துச்சா?" என்று கேட்டார்.

"வரல."

"அடுத்த நாள் நான் ஃபோன்ல கேட்டேன். வந்துச்சு."

இது எனக்குத் தெரியாது. அவர் டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளினார். கோபத்தில் சாப்பிட்டேன். பீர்க்கங்காய்த் துவையல்.

மதியம் பிள்ளைகளிடமே கேட்டேன், கோபம் நியாயமானதாக இருந்தால் எதற்குக் கீழே இறங்க வேண்டும் என்று. கிஷோர் என்னை ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"ஆபீஸு கீழதான சார் கீது? எட்டாவது மாடியில நின்னு கத்துனா யாருக்குக் கேக்கும்? எறங்கி வந்தாதான போய்க் கேக்க முடியும்?"

பராமரிப்பு அலுவலகம் முதல் பிளாக்கின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. நான் விசிலைத் துடைத்தேன்.

ஜூலை 18, வியாழன்

யுவஸ்ரீ வீட்டுக்குப் போனேன். முப்பத்தேழாம் பிளாக், எட்டாவது மாடி. விளையாட்டு ஆசிரியன் என்று சொல்லிக்கொள்கிறவன் ஆறாவது மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு குடத்தை இடுப்பிலும் ஒன்றைத் தலையிலும் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போன பெண், "ஒக்காந்து வா தம்பி" என்றார்.

அதற்கு முன்பே, ஐந்தாவது மாடித் திருப்பத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்திருந்தேன். கைப்பிடி வைத்தது. இரண்டு பக்கமும் கயிறு. யாரும் அதில் உட்காரவில்லை, யாரும் அதன்மேல் துணிகூடப் போடவில்லை. அப்போது எனக்குப் புரியவில்லை.

கதவு திறந்திருந்தது. ஜன்னலோரம் பாயில், தலையணைகளுக்கு நடுவே ஒருவர் சாய்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு சிவப்புத் துண்டு.

"வா விசிலு சார். லிஃப்டுல வந்தியா?" என்றார்.

யுவஸ்ரீயின் அப்பா. தேவராஜ். ஊரிலேதான் இருக்கிறார். பெயின்ட் அடிக்கிறவர். சாரம் சரிந்து விழுந்து இடுப்பில் பிளேட் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று லிஃப்ட் ஓடியது. அடுத்த வாரம் நின்றது. அன்றிலிருந்து இந்த ஜன்னல்தான்.

"செக்கப்புக்கு மூணு தபா தேதி குடுத்தாங்கோ. எப்டி எறங்கறது? எவன் முதுவுலயும் ஏறக்கூடாது, இடுப்பு மடங்கக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு."

"என்னை எப்படித் தெரியும்?"

"இன்னா சார் இப்டி கேட்டுட்ட? தெனம் பாக்கறேனே. நீ விசிலு ஊதுனா நானே நிமுந்து ஒக்காருவேன்."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பள்ளி மைதானம் கீழே உள்ளங்கை அளவு தெரிந்தது. ஒரே நிறச் சீருடையில் பிள்ளைகள் தீக்குச்சி மாதிரி இருந்தார்கள். யார் யார் என்று அடையாளம் தெரியவே தெரியாது.

"எல்லாம் ஒண்ணா ஓடும்போது எம்பொண்ணு எதுன்னே தெரியாது சார். இப்ப நீ ஒரு ஆட்டம் வச்சிக்கீறியே, எல்லாம் ஒக்காந்துடும். ஒண்ணு மட்டும் கையத் தூக்கினு நிக்கும். அதான் என்னுது." சிவப்புத் துண்டை எடுத்து ஒரு சுழற்று சுழற்றிக் காட்டினார். "நானும் இப்டி காட்டுவேன்."

நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். கடித்தது அவருக்குத் தெரியாது.

"எதுக்குக் கட்ச்சா?"

"சொல்ல மாட்டேங்கறா. வெள்ளிக்கிழமை நீங்க வந்து கையெழுத்துப் போட்டாப் போதும். நாங்க நாலு பேர் சேர்ந்து நாற்காலியில..."

அவர் முகம் மாறிவிட்டது.

"அஞ்சாவது மாடியில கீதே, அந்த நாற்காலியா? சார், கட்டில் இந்தப் படியில திரும்பாது. இங்க யாரு செத்தாலும் அதுல ஒக்கார வச்சுக் கட்டித்தான் எறக்குவாங்கோ. மூணு வருசத்துல பதினோரு பேரு. போன மாசம் மூணாவது மாடி பெருசு. கிஷோரு அப்பன் மூர்த்திதான் முன்னாடி புடிப்பான். போனது ஒண்ணுகூடத் திரும்பி மேல ஏறல. உசுரோட நான் அதுல ஒக்கார மாட்டேன்."

படி இறங்கும்போது கிஷோர் ஐந்தாவது மாடி வாசலில் நின்றிருந்தான். சட்டைக் காலரைப் பிடித்துக் கேட்டேன், யுவஸ்ரீயிடம் என்ன சொன்னாய் என்று.

"சும்மா வெளாட்டுக்கு சார்... உங்கப்பா அடுத்து எங்க மாடி நாற்காலியிலதான் எறங்குவாருன்னு..."

காலரை விட்டேன். அவனே அழ ஆரம்பித்துவிட்டான்.

ஜூலை 19, வெள்ளி

சுலோச்சனா டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நானே மேல போய்க் கையெழுத்து வாங்கிடறேன்" என்றார். அவரை நான் தப்பாக நினைத்திருந்தேன். இரண்டாவது மாடி ஏறியதுமே அவருக்கு முழங்கால் பூட்டிக்கொண்டது. ஷர்மிளா டீச்சரும் நானும் கைத்தாங்கலாக இறக்கி ஆட்டோவில் ஏற்றினோம். "பரீட்சை எழுதாமயே ஃபெயில் ஆயிட்டேன் குணசீலன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செல்வராணி அக்காவிடம் பேசினேன். "நேர்ல வரட்டும் சார். என் புள்ள கைய வந்து பாக்கட்டும்." தன் பிள்ளை என்ன சொன்னான் என்று அவருக்குத் தெரியாது. அதை நான் சொல்லவில்லை. கிஷோர் சொல்லட்டும்.

ஜூலை 22, திங்கள்

பராமரிப்பு அலுவலகத்தில் கத்தினேன். ஃபைல் மேலே போயிருக்கிறது என்றார்கள். எந்த மேலே? அவர்களுடைய அலுவலகத்துக்கு மேலே இருப்பதெல்லாம் வீடுகள்.

ஜூலை 23, செவ்வாய்

மறுபடி போனேன். உள்ளே நுழைவதற்கு முன் வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றேன். ஷூ லேஸ் அவிழ்ந்திருந்ததால் குனிந்தேன். எட்டிலிருந்து எண்ணியதாக யாராவது சொன்னால் அது பொய்.

மெதுவாகப் பேசினேன். புகாரைப் பதிவு செய்து, எண் போட்டு, முத்திரை வைத்து ஒரு ரசீது கொடுத்தார்கள். ஏழு மாதத்தில் இந்த பிளாக்குக்குக் கிடைத்த முதல் ரசீது இதுதானாம். மோட்டார் வர வேண்டும், எப்போது என்று தெரியாது. வெள்ளிக்கிழமைக்குள் வராது என்பது மட்டும் உறுதி.

ஜூலை 25, வியாழன்

அமைதி வகுப்பில் அமைதி இல்லை. நாளைக்கு யுவஸ்ரீ கதி என்ன என்று எல்லோருக்கும் தெரியும். கிஷோர் எழுந்து நின்றான்.

"அந்த நாற்காலியில ஏத்தலாம் சார்."

யுவஸ்ரீ அவனை நோக்கிப் பாய்ந்தாள். நான் நடுவில் போய் நின்றேன். எனக்கு ஒரு குத்து விழுந்தது.

"முழுசா சொல்ல வுடு!" அவன் என் முதுகுக்குப் பின்னாலிருந்து கத்தினான். "அது நாற்காலியாவே இருந்தாதான உங்கப்பா பயப்படுவாரு? லிஃப்டா ஆக்கிட்டா?"

யுவஸ்ரீயின் மூச்சு பெரிதாக வந்துகொண்டிருந்தது. முஷ்டி இறுகியிருந்தது. அப்புறம் குதிகால் தரையைத் தொட்டது. தோள் கொஞ்சம் தாழ்ந்தது. அவள் எந்த மாடியில் இருந்தாள் என்று தெரியாது, ஆனால் எட்டில் இல்லை.

"பட்டன் வேணும்" என்றாள்.

சாயங்காலம் ஐந்தாவது மாடியில் நாற்காலியைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார்கள். பழைய கயிற்றை மூர்த்தி அண்ணனே அவிழ்த்தெறிந்தார். அவர் மகன் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான் போல, கண் சிவந்திருந்தது. வலது கைப்பிடியில் கறுப்பு மார்க்கரில் ஒன்பது பொத்தான்கள், எட்டிலிருந்து கீழ்த்தளம் வரை. வட்டங்கள் கோணாமல் வந்திருந்தன. வரைந்தது யார் என்று இங்கே எழுதத் தேவையில்லை. என் கட்டைவிரலில் மை போகவில்லை, அவ்வளவுதான்.

ஜூலை 26, வெள்ளி

காலை ஒன்பது மணி. எட்டாவது மாடி.

தேவராஜ் அண்ணன் நாற்காலியைப் பார்த்தார், பொத்தான்களைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"பெயின்ட் அடிச்சா மட்டும் ஆச்சா சார்? நானே பெயின்டரு. அடியில இன்னா கீதுன்னு எனக்குத் தெரியாதா?"

யுவஸ்ரீ என்னிடமிருந்து மார்க்கரை வாங்கி, பொத்தான்களுக்கு மேலே ஒரு அம்புக்குறி போட்டாள். மேல் நோக்கி.

"அது எறங்கறதுக்கு மட்டும்தான்பா. இது ஏறும்."

அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூர்த்தி அண்ணனைப் பார்த்தார். "ஏத்துவியாடா?"

"உன்ன ஏத்தாம வுட்டா எம்பொண்டாட்டி என்னயே அதுல ஒக்கார வச்சுருவா. ஒக்காரு."

இடுப்பு மடங்காதபடி முதுகுக்கும் பக்கத்துக்கும் தலையணை வைத்து, சாய்த்து உட்காரவைத்தோம். முன்னால் மூர்த்தி அண்ணனும் நானும். பின்னால் இரண்டு பேர். ஒவ்வொரு மாடியிலும் வகுப்புப் பிள்ளைகள் ஐந்தைந்து பேராக நின்றிருந்தார்கள். நான் விடுமுறை கொடுக்கவில்லை, அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

யுவஸ்ரீ ஏழாவது பொத்தானை அழுத்தினாள். "மூச்ச வுடுப்பா."

ஏழு. "டொய்ங்!" என்றார்கள் பிள்ளைகள். "கருவாடு மாமி வூடு!" மாமியே வெளியே வந்து, "இன்னிக்கு சாம்பார்டா" என்றார். ஆறு. இறங்கினோம். ஐந்தாவது மாடித் திருப்பத்தில், நாற்காலி எப்போதும் இருக்கும் இடத்துக்கு வந்ததும் அவர் கைப்பிடியை இறுக்கினார். "வேணாம். எறக்கு. வேணாம்டா மூர்த்தி, தல சுத்துது." நாற்காலி ஆடியது. என் கால் ஒரு படி தவறியது.

"அப்பா, இங்க நிக்கக்கூடாது. லிஃப்டு யார் வூட்லயும் நிக்காது. சட்டம்." யுவஸ்ரீ அவர் கையைப் பிடித்து நாலாவது பொத்தானின் மேல் வைத்தாள். "நீயே அமுக்கு. மூச்ச வுட்டாதான் எறங்கும்."

அவர் கண்ணை மூடினார். மூச்சு ஒரு முறை தடுக்கி, பிறகு நீளமாக வெளியே வந்தது. அழுத்தினார்.

நாலாவது மாடியில் ஒருவன் ஃபோனை நீட்டி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். எனக்கு மண்டைக்குள் சுர்ரென்று ஏறியது. இரண்டு கையிலும் நாற்காலி இல்லையென்றால் அந்த ஃபோன் கீழ்த்தளத்துக்கு எங்களுக்கு முன்னாலேயே போயிருக்கும்.

"சார்" என்றாள் யுவஸ்ரீ. "எந்த மாடி?"

"நாலு" என்றேன். நாலாவது மாடியில் நின்றுகொண்டிருந்ததால் சொன்னேன். "தம்பி, அதை உள்ள வைப்பா" என்று அவனிடம் சொன்னேன். வைத்துவிட்டான். கத்தாமல் சொன்னால் வைக்கிறார்கள்.

மூன்றாவது மாடியில் யாரும் 'டொய்ங்' சொல்லவில்லை. போன மாதம் இறந்தவரின் மனைவி வாசலில் நின்றிருந்தார். அந்த நாற்காலியை அவருக்குத் தெரியும். கிட்டே வந்து பொத்தான்களைத் தடவிப் பார்த்தார். "பத்ரமா போய்ட்டு வா தேவராஜு" என்றார். 'வா' என்பதை அழுத்திச் சொன்னதாக எனக்குப் பட்டது.

கீழ்த்தளம். ஏழு மாதத்துக்குப் பிறகு வெயில் மேலே பட்டதும் அவர் கண்ணைச் சுருக்கினார். என் சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் தண்ணீர் வரும்.

பள்ளியில் செல்வராணி அக்கா பேசுவதற்கு நிறையத் தயாரித்து வந்திருந்தார். வியர்வை சொட்ட நாற்காலியின் முன் காலைப் பிடித்துக்கொண்டு தன் புருஷன் உள்ளே வருவதை அவர் எதிர்பார்க்கவில்லை.

"எங்கம்மா உன் புள்ள? கைய காட்டச் சொல்லு" என்றார் தேவராஜ் அண்ணன். கிஷோர் வந்து நீட்டினான். தழும்பு மங்கியிருந்தது. அவர் அதைத் தன் கையில் வைத்துப் பார்த்தார். "கட்ச்சது தப்புதான். எம்பொண்ணு இனிமே கடிக்காது. நான் எழுதித் தரேன்."

"நான் சொன்னதும் தப்பு" என்றான் கிஷோர், தரையைப் பார்த்து. "நானும் எழுதித் தரேன்."

செல்வராணி அக்கா மகனைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து முதலில் தேவராஜ் அண்ணனுக்குத்தான் கொடுத்தார். சுலோச்சனா டீச்சர் முழங்காலில் கட்டுடன் கையெழுத்து வாங்கினார். யுவஸ்ரீ இந்தப் பள்ளியில்தான் இருப்பாள்.

வேலை முடிந்தது, போகலாம் என்றால் அவர் கிளம்பவில்லை. மைதானத்தில் வேப்பமர நிழலில் நாற்காலியைப் போடச் சொல்லி சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். எட்டாவது மாடியில் தன் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்.

"இத்தினூண்டா கீது? அதுல துண்டக் காட்டுனா எம்பொண்ணுக்கு எப்டி சார் தெரிஞ்சிது?"

யுவஸ்ரீ மூன்றாவது பீரியட் விளையாட்டில் எல்லோரோடும் எட்டிலிருந்து இறங்கி, சப்பணம் போட்டு, அப்பா காலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

நாலு மணிக்கு ஏற்றினோம். இறங்குவது ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு மாடியிலும் அவரே பொத்தானை அழுத்தினார். "சீக்கிரம் ஏறுங்கடா, கரண்டு போய்டப் போவுது" என்று எங்களைக் கிண்டல் வேறு செய்தார். புதன்கிழமை செக்கப். மறுபடியும் எங்கள் இடுப்புதான்.

நாற்காலியை ஐந்தாவது மாடியில் திரும்ப வைக்கவில்லை. எட்டிலேயே நிற்கிறது. அடுத்து யாராவது இறந்தால் என்ன செய்வது என்று மூர்த்தி அண்ணன் கேட்டார். வேறு நாற்காலி வாங்குங்கள் என்றேன்.

ஜூலை 29, திங்கள்

பயிற்சி அலுவலகம் நோட்டைக் கேட்கிறது. இதைக் கொடுக்க முடியாது. ஷர்மிளா டீச்சர் வேறு நோட்டு வாங்கி வந்து, 'இன்று நான் உணர்ந்தது: அமைதி' என்று முப்பது நாளுக்கும் அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். பேனா நிறத்தைக்கூட நாளுக்கு நாள் மாற்றியிருக்கிறார். கணக்கு டீச்சருக்கு இவ்வளவு கற்பனை இருக்கும் என்று நினைக்கவில்லை. பதிலுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். சாப்பாட்டைப் பற்றி ஒரு நாளாவது வாய் திறந்து சொல்லச் சொன்னார். நன்றாக இருக்கிறது என்றேன். எதைப் பார்த்துச் சொன்னேன் என்பது இந்த நோட்டுக்குத் தேவையில்லை.

உண்மையில் இன்று நான் உணர்ந்தது: இடுப்பு வலி.

மதியம் ஐந்து பி. எட்டு, ஏழு, ஆறு. எல்லோரும் தரைக்கு வந்துவிட்டார்கள், யுவஸ்ரீயும். கிஷோருக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கை தூரம், அது போதும். நாற்பத்தோரு பிள்ளைகளும் உட்கார்ந்ததில் மைதானம் வெறும் மண்ணாகத் தெரிந்தது. மேலே ஜன்னலில் சிவப்புத் துண்டு ஒரு முறை ஆடி, தயங்கி, நின்றது. அவள் எங்கே என்று தேடுகிறார்.

நான் யுவஸ்ரீக்குப் பின்னால் போய், குதிகாலைத் தூக்கி, இரண்டு கைகளையும் உயர்த்தி நின்றேன். துண்டு மறுபடி சுழல ஆரம்பித்தது.

வராந்தாவில் போய்க்கொண்டிருந்த ஷர்மிளா டீச்சர் நின்றுவிட்டார்.

"என்ன சார், எல்லாரும் இறங்கிட்டாங்க. நீங்க மட்டும் எட்டுலயே நிக்கறீங்க?"

"லிஃப்ட் ரிப்பேர் டீச்சர்" என்றேன். "ரசீது வாங்கியிருக்கேன்."